காந்தள் எந்தப் பூ? ஒரு காட்டுக்கொடியும் அதன் பெயர்களும்

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய ஒரு பாட்டு ஆசிரியர் பலருக்கும் விருப்பமானது. புதிதாக இல்லறம் தொடங்கிய பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைந்து புளிக்குழம்பு சமைக்கிறாள். கணவன் அதனை இனிதென்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. தயிர் பிசைந்த அவ்விரல்களுக்குப் புலவர் தரும் உவமை காந்தள். பாட்டை நடத்தி முடித்ததும் மாணவர் எவரேனும் 'காந்தள் என்பது எந்தப் பூ?' என்று கேட்பதுண்டு. பாடநூலின் அருஞ்சொற்பொருள் 'ஒருவகை மலர்' என்பதோடு நின்றுவிடும். ஆசிரியர் செங்காந்தளின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டுகிறார். தீக்கொழுந்து போலச் சிவந்து, இதழ்களெல்லாம் மேல்நோக்கி வளைந்து நிற்கும் பூ. உடனே அடுத்த கேள்வி எழும்: 'விரல் இப்படிச் சிவப்பாகவா இருக்கும்?'

இக்கேள்வியைச் சிறுபிள்ளைத்தனமானது என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் சொன்ன பெயரும் இன்று புதரில் படர்ந்து நிற்கும் ஒரு செடியும் ஒன்றே என்று நாம் எதைக்கொண்டு சொல்கிறோம்? அப்பெயரையும் செடியையும் இணைத்தவர் யாவர்? அவ்விணைப்பு எவ்வளவு உறுதியானது? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்குக் காந்தள் பெரும்பாலும் ஏட்டில் பூத்த பூவே. ஆதலால் இக்கேள்விகளை எழுப்பும் கடமை நமக்குச் சற்று மிகுதி.

முதலில் செடியைப் பார்ப்போம். தாவரவியலார் குளோரியோசா சுப்பர்பா என்று வழங்கும் இக்கொடி ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகளிலும், இந்தியாவிலும் இலங்கையிலும், தென்கிழக்காசியாவின் சில பகுதிகளிலும் இயல்பாக வளர்வது. முன்பு அல்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இதனை இப்போது கோல்ச்சிக்கேசியே என்னும் தனிக் குடும்பத்தில் சேர்த்துள்ளனர். காட்டுப்பூ என்று சொன்னாலும், பகலிலும் இருண்டிருக்கும் அடர்காட்டின் உட்புறத்தை இது விரும்புவதில்லை. காட்டின் ஓரங்கள், இலையுதிர்காடுகளின் புதர்கள், மூங்கில் தூறுகள், மலைச்சரிவில் பாறை இடுக்குகளில் மண் தங்கிய இடங்கள், வயலோர வேலிகள் ஆகியனவே இதன் இருப்பிடங்கள். கடற்கரை மணல்மேடுகளிலும் இதனைக் காணலாம். ஆக, நீர் வடியும் நிலமும், மேலே ஓரளவு வெயிலும், பற்றிக்கொள்ள அருகில் ஒரு புதரும் இருந்தால் இதற்குப் போதும்.

கோடையில் அவ்விடங்களுக்குச் சென்று தேடுவோர் எதையும் காணமாட்டார். தண்டும் இலையும் முற்றும் பட்டுப்போக, உயிர் முழுவதும் மண்ணுக்குள் கிழங்கில் ஒடுங்கியிருக்கும். மழை விழுந்ததும் கிழங்கின் நுனியிலிருந்து முளை கிளம்பி விரைந்து வளர்கிறது. பழைய கிழங்கு சுருங்கிப் போக, அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகிறது. வடகிழக்குப் பருவமழை பெறும் பகுதிகளில் கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பு மிகுவதால் இதற்குக் கார்த்திகைப்பூ என்றும் பெயர்.

அடையாளம் காண்பதற்குப் பூவைவிட இலையே நம்பத்தக்கது. ஏனெனில் பூ சில வாரங்களே இருக்கும். காம்பில்லாத, நீண்டு குறுகிய இலை. அதில் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். இலையின் நுனி மெல்லிய இழையாக நீண்டு, கம்பிச்சுருள் போலச் சுருண்டு, அருகிலுள்ள கிளையைப் பற்றிக்கொள்கிறது. தனியே பற்றுக்கம்பி இல்லை; இலை நுனியே அவ்வேலையைச் செய்கிறது. நம் நாட்டுக் காடுகளில் 'பெரியோக் கெரா' என்று மலாய்க்காரர் அழைக்கும் குடுவைத் தாவரத்தைக் கண்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. அதிலும் இலை நுனிதான் நீண்டு பற்றுகிறது. ஆனால் அங்கே அந்நுனி குடுவையாக முடிகிறது.

பூ அரும்பாக இருக்கையில் பசுமையாய்த் தலைகவிழ்ந்து தொங்கும். மலரும்போது அலை அலையான ஓரங்களையுடைய ஆறு நீண்ட இதழ்களும் பின்னோக்கி மடிந்து மேலே எழுகின்றன. ஆறு மகரந்தத் தாள்கள் சக்கரத்தின் ஆரங்கள் போலப் பக்கவாட்டில் விரிகின்றன. சூல்தண்டு அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாக மடங்கி ஒருபுறம் நீள்கிறது. இனி நம் கேள்விக்கு இன்றியமையாத செய்தி ஒன்று. இதழ்கள் விரியும்போது சிவப்பாக இருப்பதில்லை. முதலில் வெளிர்பச்சை கலந்த மஞ்சள். பிறகு அடிப்புறம் மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் மாறும். வாடுவதற்கு முன் இதழ் முழுவதும் குருதிச் சிவப்பாகும். ஒரே கொடியில் கீழே முதிர்ந்த சிவந்த பூவும், நடுவே இருநிறப் பூவும், உச்சியில் வெளிறிய இளம்பூவும் ஒருசேர நிற்பது வழக்கமான காட்சி. நாம் வகுப்பில் காட்டும் படங்களோ பெரும்பாலும் சிவந்த நிலையை மட்டுமே பிடித்தவை.

இந்தோனேசியாவில் இப்பூவுக்குக் 'கெம்பாங் சுங்சாங்' என்று பெயர். தலைகீழ்ப் பூ என்பது பொருள். அப்பெயரைச் சூட்டியவர் நிறத்தைப் பாராமல் இதழ் மடிந்து நிற்கும் நிலையைப் பார்த்திருக்கிறார். தமிழில் இதே கொடியோடு தொடர்புபடுத்தப்படும் கோடல் என்னும் சொல்லையும் 'வளைதல்' என்னும் பொருளுடைய கோடு என்னும் வினையோடு சேர்த்து எண்ணத் தோன்றுகிறது.

இனிச் சங்கப் பாட்டுகள் தரும் சான்றுகளுக்கு வருவோம். இக்கொடிக்குப் பொருந்துவன பல. காந்தள் குறிஞ்சி நிலத்துப் பூ, பாறைப் பிளவுகளிலும் மழை பெய்த மலைச்சாரலிலும் பூப்பது, முருகனுக்குரிய கண்ணி. திருமுருகாற்றுப்படை அவனைக் காந்தள் சூடியவனாகக் காட்டுகிறது. தொல்காப்பியம் வேலன் வெறியாடும் துறைக்கே காந்தள் என்று பெயரிடுகிறது. காற்றில் அலைக்கப்பட்டுக் குவிந்த பூவைப் பாம்பின் படத்தோடு ஒப்பிடும் குறுந்தொகைப் பாட்டு ஒன்றுண்டு. பின்னோக்கி மடிந்த இதழ்களைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தவர் எவரும் இவ்வுவமையை ஐயுறமாட்டார்.

எல்லாவற்றிலும் வலிய சான்று என்று நாம் கருதுவது கபிலர் பாடிய குறுந்தொகை 361ஆம் பாட்டு. தலைவனின் மலையில் மாலையில் மழை பெய்கிறது. மறுநாட் காலையில் ஆற்றுநீர் ஒரு காந்தளை அடித்துக்கொண்டு வருகிறது. தலைவி அதனை எடுத்துத் தழுவிக்கொள்கிறாள். வீட்டுக்குக் கொண்டுபோய் நடுகிறாள். தாய் அதனைத் தடுக்கவில்லை. காதலின் நயத்துக்காகவே இப்பாட்டு எப்போதும் பேசப்படுகிறது. ஆனால் தாவரம் அறிந்தவர் வேறொன்றையும் கவனிப்பார். வெள்ளத்தில் அடிபட்டு வந்த ஒரு செடியை நட்டால் மீண்டும் தழைக்கும் என்று அப்பெண் நம்புகிறாள். மண்ணரிப்பில் கிழங்கோடு பெயர்ந்து வரும் கொடிக்கே இது இயலும். நம் கொடி அத்தகையது.

பொருந்தாதனவும் உண்டு, அவற்றை மறைத்துவிட்டு அடையாளத்தை நிலைநாட்டுவது முறையன்று. முதலாவது மணம். குறிஞ்சிப் பாட்டுகளில் காந்தள் மணக்கிறது. சாரல் முழுவதும் கமழ்கிறது. தலைவியின் நெற்றி காந்தளின் மணமுடையது என்று பரணர் பாடுகிறார். இன்று செங்காந்தளைப் பறித்து முகர்ந்தால் மணம் என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. இரண்டாவது பூக்கும் முறை. 'குலை' என்னும் அடை காந்தளுக்கு மீண்டும் மீண்டும் வருகிறது. இக்கொடியிலோ ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் ஒவ்வொரு பூவாக நீண்ட காம்பில் நிற்கும். தண்டின் நுனியில் கணுக்கள் நெருங்கி வருவதால் கொத்துப் போலத் தோன்றுமே அன்றி அது கொத்தன்று. மூன்றாவது நிறம். புறநானூற்றின் 90ஆம் பாட்டில் ஔவையார் மலர்ந்த காந்தளை உடைந்த வளைகளுக்கு ஒப்பிடுகிறார். அக்காலத்து வளை சங்கில் அறுத்தது, வெண்மையானது. அப்படியானால் அங்கே பூத்தது சிவந்த பூ அன்று.

உரையாசிரியர்களும் நிகண்டு செய்தவர்களும் நிறச்சிக்கலை ஒருவாறு தீர்த்துவைத்தனர். காந்தளில் வெண்மை, செம்மை என இருவகை உண்டு. கோடல் என்பது வெண்காந்தள். தோன்றி என்பது செங்காந்தள். இத்தீர்வு எளியது, ஆயினும் வேறொரு கேள்வியை எழுப்புகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு மகளிர் பறித்துக் குவித்த 99 பூக்களை நிரல்படச் சொல்கிறது. அந்நிரலைத் தொடங்கிவைப்பதே செங்காந்தள். பின்னர்க் கோடல் தனியே வருகிறது. தோன்றியும் தனியே வருகிறது. மூன்றும் ஒரே கொடியின் பூவானால் கபிலர் அவற்றை ஏன் மூன்றிடத்தில் எண்ணினார்?

99 என்னும் எண்ணை 99 வகைச் செடிகள் என்று கொள்வதால் வரும் இடர்ப்பாடு இது. அதே நிரலில் நெய்தல் இருமுறை வருகிறது. செருவிளையும் கருவிளையும் அடுத்தடுத்து வருகின்றன. அவை சங்குப்பூவின் வெண்ணிற, நீலநிற வகைகளே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. கபிலர் தாவர வகைப்பாடு எழுதவில்லை. பூக்குவியலைக் கண்முன் நிறுத்தினார். கையில் எடுத்த பூ வேறு நிறமாயிருந்தால் அதற்கு வேறு பெயர். பூப்பறிக்கும் பெண்களின் கணக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பத்துப்பாட்டில் மற்றொன்றாகிய முல்லைப்பாட்டில் நப்பூதனார் கார்காலக் காட்டுவழியை வண்ணிக்கையில் கோடலையும் தோன்றியையும் அடுத்தடுத்து வைக்கிறார். கோடலின் குவிந்த அரும்பு உள்ளங்கை விரிவதுபோல அவிழ்கிறது. தோன்றி குருதி நிறமாகப் பூக்கிறது. இவ்விரண்டும் இருவேறு செடிகள் என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டுவோர் உண்டு. நாம் இதே இடத்தை வேறுவகையாகப் படிக்கிறோம். அவிழும் நிலையில் உள்ளது கோடல். குருதி நிறம் பெற்றது தோன்றி. மேலே சொன்ன கொடியின் உச்சியிலுள்ள வெளிறிய பூவையும் கீழேயுள்ள சிவந்த பூவையும் அருகருகே பார்த்த ஒருவர் எழுதியதுபோல் இது இருக்கிறது. கூடலூர் கிழாரின் விரலுவமையும் இங்கே தெளிவடைகிறது. விரலுக்கு ஒப்பாவது சிவந்த முதிர்பூ அன்று. இப்போதுதான் பிரிந்து கீழ்நோக்கி நீண்டிருக்கும் மெல்லிய இளவிதழ்களே. இது நம் கருத்து. சங்கின் வெண்மைக்கு வெளிர்மஞ்சள் ஈடாகாது என்று ஒருவர் மறுத்தால் அம்மறுப்பை முற்றும் தள்ளிவிட நம்மிடம் சான்றில்லை.

இனி இந்தப் பெயர் கடல்கடந்து போன கதை. 1670களில் பால் ஹெர்மன் என்னும் மருத்துவர் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் பணியாளராக இலங்கையில் செடிகளைத் திரட்டினார். பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற அவர், 1687இல் வெளியிட்ட தோட்டப் பட்டியலில் ஒரு கொடியைப் படத்துடன் சேர்த்து, அதற்கு 'மெத்தோனிக்கா மலபாரோரும்' என்று பெயரிட்டார். மலபாரிகளின் மெத்தோனிக்கா என்பது பொருள். அதே காலத்தில் மலபாரின் டச்சு ஆளுநராயிருந்த ஹென்றிக் வான் ரீடு, இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியரின் துணையோடும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய கொங்கணி அறிஞர் மூவரின் துணையோடும் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்நூலின் ஏழாம் தொகுதியில் இக்கொடி 'மெந்தோனி' என்னும் பெயரில் இடம்பெற்றது.

மெந்தோனி, மெத்தோனிக்கா ஆகிய இவ்விரு வடிவங்களுக்கும் மூலம் எது? மலையாளத்தில் இக்கொடிக்கு இன்றும் மேந்தோன்னி என்றே பெயர். தமிழில் 'ன்ற' என வருவது மலையாளத்தில் 'ன்ன' ஆவது மொழியாசிரியர் அறிந்த ஒலிமாற்றம்: ஒன்று ஒன்னு ஆகும், கன்று கன்னு ஆகும், மூன்று மூன்னு ஆகும். அம்முறைப்படி தோன்னி என்பது நம் தோன்றியே. முல்லைப்பாட்டில் குருதிபோலப் பூத்த அதே தோன்றி மலையாள நாட்டில் மக்கள் வழக்கில் உயிரோடிருந்து, பதினேழாம் நூற்றாண்டில் வைத்தியர் ஒருவரின் வாயிலிருந்து இலத்தீன் நூலுக்குள் நுழைந்திருக்கிறது. இலங்கையிலிருந்த ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே குறித்தனர். ஆகவே ஹெர்மன் இச்சொல்லைத் தமிழரிடமே கேட்டிருக்கவும் கூடும். எவ்வாறாயினும், காந்தளின் அடையாளம் பற்றிய ஐயத்தில் இந்தத் தோன்றி நமக்கு ஓர் உறுதியான ஊன்றுகோல். இதில் ஊகத்துக்கு இடமில்லை: சொல் தொடர்ந்து வந்திருக்கிறது, அச்சொல்லோடு செடியின் படமும் இருக்கிறது.

அப்பெயர் நிலைக்கவில்லை. சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் பேரினப் பெயர்களுக்கு விதிகள் வகுத்தபோது, கிரேக்கத்திலோ இலத்தீனிலோ வேர் இல்லாத பெயர்கள் தள்ளத்தக்கவை என்று எழுதினார். அவ்விதிப்படி மெத்தோனிக்கா நிற்க வழியில்லை. 1738இல் ஜார்ஜ் கிளிஃபர்டு என்னும் செல்வரின் தோட்டத்துச் செடிகளை விவரித்த நூலிலேயே அவர் இதனைக் குளோரியோசா, அதாவது புகழுடையது, என்று குறித்துவிட்டார். ஆம்ஸ்டர்டாம் தோட்டத்துச் செடிகளைப் பற்றிய கொமெலினின் நூல் (1697) இதனை இலங்கையின் எழில்மிகு அல்லி என்னும் பொருளில் அழைத்திருந்தது. அதிலிருந்த சுப்பர்பும் என்னும் அடைமொழி சுப்பர்பா ஆயிற்று. 1753இல் வெளிவந்த 'ஸ்பீசியஸ் பிளாந்தாரும்' நூலில் குளோரியோசா சுப்பர்பா என்னும் இருசொற்பெயர் நிலைபெற்றது. ரீடின் மெந்தோனியும் ஹெர்மனின் மெத்தோனிக்காவும் அதன்கீழ் மேற்கோள்களாக ஒடுங்கின. பிரெஞ்சு நூல்கள் சிலவற்றில் மெத்தோனிக்கா இன்னும் சிறிது காலம் வாழ்ந்தது. பின்னர் அதுவும் மறைந்தது. லின்னேயஸ் தம் விதியை எல்லா இடத்திலும் கடைப்பிடித்தார் என்று எண்ணவேண்டா. நம் வீட்டுப் பசளைக்கீரை அதே மலபார் நூலின் வழியாகப் பசெல்லா என்று அவரது பட்டியலில் ஏறி இன்றும் அப்படியே இருக்கிறது. தோன்றிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை, அவ்வளவுதான்.

ஐரோப்பியர் இக்கொடியை இவ்வாறு அறிந்திருந்த அந்த இரண்டு நூற்றாண்டுகளிலும் சங்கப் பாட்டுகள் ஏட்டுச்சுவடிகளில்தான் இருந்தன. செடியை அறிந்தவர்க்குப் பாட்டுத் தெரியாது. பாட்டை ஓதியவர்க்கு இலத்தீன் பெயர் தேவைப்படவில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பணிசெய்த ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த யோகான் பீட்டர் ராட்லர், சமயப்பணியோடு தமிழ்நாட்டின் செடிகளைத் திரட்டி உலர்த்திப் பாதுகாத்தவர். அவரே தமிழ் ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்தார். 1836இல் அவர் மறைந்தபின் அதனைப் பிறர் நிறைவுசெய்தனர். தமிழ்ச் செடிப்பெயர்களுக்கு நேரே இலத்தீன் பெயர்கள் அகராதிகளில் ஏறிய வழக்கம் இத்தகையோரின் உழைப்பால் வலுப்பெற்றது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும் புறநானூற்றை 1894இலும் அச்சேற்றியபின் பாட்டும் செடியும் நேருக்குநேர் சந்திக்க முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி காந்தளுக்குக் குளோரியோசா சுப்பர்பா என்றே பொருள் தருகிறது. பி. எல். சாமி போன்றோர் சங்க இலக்கியச் செடிகொடிகளைக் களத்தில் கண்டு ஆராய்ந்தது அதற்கும் பின்னர்.

புலவர்கள் பூவைப் பாடிக்கொண்டிருக்க, பொதுமக்கள் கிழங்கைப் பார்த்துப் பெயர் வைத்தனர். கலப்பைக்கிழங்கு என்பது அதன் கவைத்த வடிவத்தால் வந்த பெயர். வடமொழியில் வழங்கும் லாங்கலி என்பதும் கலப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. கொங்குநாட்டில் இது கண்வலிக்கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. இப்பெயர்களில் ஓர் எச்சரிக்கை இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. செடி முழுவதும் நஞ்சு. கிழங்கு கொடிய நஞ்சு. அதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் பொருளை 1915இல் கிளூவர், கிரீன், டூட்டின் என்னும் வேதியியலார் கண்டறிந்தனர். உயிரணு பிளந்து பெருகுவதை அது தடுக்கிறது. உண்டவர்க்கு முதலில் வாந்தியும் பேதியும். சில நாட்களில் குருதியணுக்கள் குறையும். பிழைத்தவர்க்கும் தலைமயிர் உதிரும்.

அடையாளம் காண்பது இங்கே இலக்கிய ஆராய்ச்சியின் எல்லையைக் கடந்துவிடுகிறது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இக்கிழங்கை வள்ளிக்கிழங்கென்று மயங்கி அவித்துண்டு இறந்தவர் உண்டு. கொடி உயிரோடு நிற்கும்போது மயக்கத்துக்கு இடமில்லை: வள்ளியின் இலை இதயவடிவானது, இலைநுனி சுருளாது, தண்டே சுற்றி ஏறும். ஆனால் கோடையில் இரண்டு கொடிகளும் பட்டுப்போனபின் மண்ணை அகழ்பவர் கையில் கிழங்கு மட்டுமே அகப்படும். காந்தள் கிழங்கு விரல் போல உருண்டு நீண்டு, இரு கவையாகப் பிரிந்து, முனைகள் கூர்த்திருக்கும். இவ்வடிவத்தைக் கலப்பை என்னும் ஒரே சொல்லில் அடைத்துவைத்த முன்னோர், அகழ்வோர் கைக்கு எட்டும் குறிப்பொன்றை விட்டுச்சென்றிருக்கின்றனர்.

அதே நஞ்சு கீல்வாத மருந்தாகவும் பயன்படுவதால், தமிழ்நாட்டில் இக்கொடி இப்போது பயிராகிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் ஆகிய பகுதிகளில் கம்பிப் பந்தலில் ஏற்றி வளர்த்து, விதையை ஏற்றுமதிக்கு விற்கின்றனர். சூல்தண்டு ஒருபுறம் மடங்கி மகரந்தத் தாள்களை விட்டு விலகி நிற்பதால் காய்ப்பிடிப்புக் குறைவு. ஆகவே உழவர்கள் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தத்தைத் தொட்டு வைக்கின்றனர். நடுவதற்கான கிழங்கோ பல காலம் காட்டிலிருந்தே அகழ்ந்து கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டின் மாநிலப் பூ என்னும் சிறப்பைப் பெற்றிருக்கும் கொடி, பயிராகப் பெருகியபோதே காட்டில் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மணத்தைப் பற்றிய ஐயத்துக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. ஔவையாரின் பாட்டில் காந்தள் தனியே கமழவில்லை. குளவி என்னும் மணமலரோடு சேர்ந்தே சாரல் கமழ்கிறது. மழைக்குப்பின் மலைச்சரிவு முழுவதும் பூத்துக்கிடக்கையில் எந்த மணம் எந்தப் பூவுடையது என்று பிரித்தறிவது எளிதன்று. கண்ணைக் கவர்ந்த பூவுக்கே மணமும் உரியதாகிவிட்டிருக்கலாம். இவ்விளக்கம் சில பாட்டுகளுக்குப் பொருந்துகிறது. நெற்றியின் மணத்தைக் காந்தளோடு இணைக்கும் பாட்டுகளுக்கு இது போதாது. குறிஞ்சிப் பூக்களுக்கெல்லாம் மணம் ஏற்றிப் பாடுவது புலவர் மரபு என்று சொல்லித் தப்பிக்கலாம், அது விடையாகாது. தோன்றி இக்கொடியே என்பதில் நமக்கு ஐயமில்லை. காந்தளும் பெரும்பாலும் இதுவே என்று கபிலரின் ஆற்றுவெள்ளம் நம்மை நம்பவைக்கிறது. கோடல் இதன் இளம்பூ என்பது நிறத்தாலும் வடிவாலும் ஏற்கத்தக்க கருத்து. அதற்குமேல் அழுத்திச் சொல்ல நாம் விரும்பவில்லை.

ஆகவே அடுத்த முறை குறுந்தொகைப் பாட்டை நடத்தும் ஆசிரியர், ஒரு படத்துக்குப் பதிலாக மூன்று படங்களைக் காட்டலாம்: தொங்கும் பசிய அரும்பு, இதழ் பிரிந்த வெளிறிய பூ, சிவந்து முதிர்ந்த பூ. விரல் எது, பாம்பின் படம் எது, குருதி எது என்று மாணவரே பொருத்திப் பார்க்கட்டும். வாய்ப்புள்ள பள்ளிகள் தொட்டியில் வளர்த்து ஒரே பூ நாளுக்குநாள் நிறம் மாறுவதைக் குறித்துவைக்கலாம். குறிப்பேட்டில் மணத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். கிழங்கை நடும் வேலையை மட்டும் ஆசிரியரே கையுறை அணிந்து செய்துவிடுவது நல்லது.